பூனைவணங்கி, தேரை, சாரைப்பாம்பு: மழைக்காலக் கேள்வி பதில்

கேள்வி (கும்பகோணம்): சார், மழைக்கு முளைத்த களையைப் பிடுங்கித் திண்ணையில் போட்டிருந்தேன். எங்கள் பூனை அதன்மேல் விழுந்து புரள்கிறது, எச்சில் வடிக்கிறது, வேரைக் கடிக்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. விஷச்செடியா?

பதில்: அது குப்பைமேனியாகத்தான் இருக்கும். நீண்ட காம்பு, ஓரத்தில் ரம்பப் பல் உள்ள இலை, கதிரில் சின்னச் சின்னப் பச்சைக் கிண்ணங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர்கள் பூனையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

பூனையை இழுப்பது இலை இல்லை, வேர். செடி மண்ணில் நிற்கும்போது பூனை அதை உரசிக்கொண்டே போகும், திரும்பியும் பார்க்காது. பிடுங்கியதும் வேரிலிருந்து மணம் கிளம்பும். மேல்நாட்டில் பூனைகளுக்குக் கொடுக்கும் கேட்னிப் செடியில் இருக்கிற நெபெட்டலாக்டோன் வகைப் பொருள்தான் இதிலும் வேலை செய்கிறது. முதலில் மோந்து பார்க்கும். பிறகு கன்னத்தைத் தேய்க்கும், தோளைச் சாய்த்து உருளும், முன்காலால் வேரைக் கட்டிக்கொண்டு பின்காலால் உதைக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழுந்து உடம்பை நக்கிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்கு அதே வேரை மூக்குக்கு முன்னால் நீட்டினாலும் கண்டுகொள்ளாது. எல்லாப் பூனைக்கும் இது வராது, பரம்பரையாக வரும் குணம். சின்னக் குட்டிகளும் மசியாது.

பயப்பட ஒன்றுமில்லை. விளையாட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் புதிதாகப் பிடுங்கிய ஒரு செடியின் வேரை மண் போக அலசி, விரல் நீளத்துண்டு ஒன்று போதும். பத்து நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். இலையைத் தின்ன விடாதீர்கள், வாந்தி எடுக்கும். நாட்டு மருந்துக் கடைப் பொடி வேண்டாம். களைக்கொல்லி தெளித்த இடத்துச் செடி வேண்டவே வேண்டாம்.

கேள்வி (திருவள்ளூர்): படுப்பதற்கு முன் நாய் ஏன் நாலு சுற்றுச் சுற்றுகிறது?

பதில்: படுக்கிற இடத்தை மிதித்துச் சமன் செய்யும் பழைய பழக்கம். சுற்றிச் சுற்றியும் படுக்க முடியாமல் எழுந்துகொண்டே இருந்தால் மூட்டு வலி இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (தாம்பரம்): ராத்திரி வாசலில் நாய் எதையோ கவ்வியது, வாயெல்லாம் நுரை. பக்கத்தில் ஒரு தேரை கிடந்தது.

பதில்: தேரைக்குக் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்த சுரப்பி இருக்கும். அழுத்திக் கடித்தால் பால் மாதிரி வடியும். அந்தக் கசப்பும் எரிச்சலும்தான் நுரைக்குக் காரணம். நாயின் தலையைத் தாழ்த்திப் பிடித்து, கன்னத்தின் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வழியும்படி ஐந்து முதல் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள், துணியை அடிக்கடி அலசுங்கள். தொண்டைக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

நுரை மட்டும் என்றால் பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும். தள்ளாட்டம், வலிப்பு, ஈறு செக்கச்செவேல் என்று சிவப்பது, மூச்சு வாங்குவது இதில் எது வந்தாலும் உடனே கால்நடை மருத்துவமனை.

ஒரு எச்சரிக்கை. வெறிநாய்க்கடி தடுப்பூசி போடாத நாய், தேரையும் கண்ணில் படவில்லை, இரண்டு நாளாகக் குணமும் மாறியிருக்கிறது என்றால் வாய்க்குள் கை விடாதீர்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி போடப் போய்விடுங்கள்.

இன்னொன்று: மழை விட்ட மாலையில் ஈசல் விளக்குக்கு வரும், ஈசலைத் தின்னத் தேரை வரும், தேரையைப் பிடிக்க நாய் போகும். அந்த நேரம் வாசல் விளக்கை அணைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி (ஈரோடு): பிளக் ஓட்டைக்குள் குளவி மண் கூடு கட்டுகிறது. கொட்டுமா?

பதில்: தனியாக வாழும் மண்குளவி, கூட்டைக் காக்கக் கூட்டமாகப் பாயாது. கையில் பிடித்தால்தான் கொட்டும். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்பார்கள். பார்த்தது சரி, பொருள் கொண்டதில்தான் பிழை. குளவி புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு உள்ளே அடுக்கி, முட்டையிட்டு மண்ணால் மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அதுதான் கட்டுச்சோறு. சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருவதைப் பார்த்தவர்கள் புழுவே மாறியதாக நினைத்தார்கள். கூட்டில் வட்ட ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுரண்டி எடுங்கள், மூடி போடுங்கள்.

கேள்வி (வேலூர்): பாம்பு வராமலிருக்க வீட்டைச் சுற்றி அந்துருண்டை போடலாமா?

பதில்: கூடாது. பாம்பு அதைத் தாண்டிப் போகும். நாயும் பூனையும் அதைக் கடித்தால் ரத்தச் சிவப்பணு உடைந்து ஈரல் கெடும். எலி இல்லாமல் பாருங்கள், விறகையும் செங்கலையும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள், கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள், கழிவுநீர்க் குழாய் வாயில் கம்பிவலை கட்டுங்கள்.

கேள்வி (கரூர்): அந்துருண்டைக்குப் பதில் பூண்டு, பெருங்காயம், பினாயில்?

பதில்: எதுவும் பாம்பை நிறுத்தாது. பினாயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூனையின் ஈரலால் பீனால் வகைப் பொருளைச் சரியாகக் கழிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும், வாய் புண்ணாகும், எச்சில் வடியும், சோறு எடுக்காது. பூனை உள்ள வீட்டில் பினாயில் வேண்டாம். பாதத்தில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் உடனே கழுவுங்கள்.

கேள்வி (ஆவடி): பாம்புக்கு அந்துருண்டை...

பதில்: மேலே வேலூர்க்காரருக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

கேள்வி (மதுரை): நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறது, பூனைக்கு ஒரு சொட்டு விடலாமா?

பதில்: விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகும். நாய்க்குப் போட்டிருந்தாலும் மருந்து காயும் வரை பூனையைச் சேர்த்துப் படுக்க விடாதீர்கள். உண்ணி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காரணம் சுவரில் இருக்கிறது. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வெடிப்பைப் பூசி அடையுங்கள். உண்ணியை எடுக்க மண்ணெண்ணெய் வேண்டாம், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

கேள்வி (சேலம்): கூட்டிலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சை வளர்க்கலாமா?

பதில்: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் கொடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): நேற்று வாய்க்கால் கரையில் சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைந்து ஆடின, ஊரே பார்த்தது. பூனைக்கும் நாய்க்கும் பதில் சொல்கிறீர்கள், இதற்கும் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் பார்த்தவை இரண்டும் சாரை, இரண்டும் ஆண். நடந்தது சண்டை. பெண்ணுக்காக முன்பாதியைத் தூக்கி, கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டு, எதிரியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். கடிக்காது. தோற்றது இறங்கி ஓடிவிடும். இணைசேரும்போது பெரும்பாலும் தரையோடு தரையாகத்தான் கிடக்கும்.

கேள்வி (தேனி): சாரை ஆண், நாகம் பெண் என்றுதானே காலங்காலமாகச் சொல்கிறார்கள்? அத்தனை பேரும் பொய்யா சொல்வார்கள்?

பதில்: பொய் சொல்லவில்லை. பெரிய சாரை ஆணாகத் தோன்றியது, அவ்வளவுதான். சாரையிலும் ஆண் பெண் உண்டு, நல்லபாம்பிலும் உண்டு, இரண்டும் தனித்தனியே முட்டையிடும். வேறு வேறு குடும்பத்துப் பாம்புகள், கலக்கவே முடியாது. நல்லபாம்புக்குச் சாரை இரையும்கூட.

கேள்வி (திண்டுக்கல்): ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. கழுத்தையும் விரித்ததே?

பதில்: சாரை மஞ்சளிலும் இருக்கும், கருவேலம்பட்டை நிறத்திலும் இருக்கும். மிரட்டும்போது அது கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி மேலும் கீழுமாக உப்பும், உறுமும். நல்லபாம்பு கழுத்தை இருபுறமும் தட்டையாக விரிக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சாரைக் கழுத்து ஒடுங்கித் தெரியும், படம் அகன்று தெரியும்.

கேள்வி (விருதுநகர்): அந்த நேரத்தில் வெள்ளை வேட்டியைப் போர்த்தி எடுத்துப் பூஜையறையில் வைத்தால் செல்வம் சேருமாமே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். ஆண் நல்லபாம்புகளும் இதேபோல முறுக்கிக்கொண்டு சண்டையிடும். எது என்று தெரியாமல் கையெட்டும் தூரத்துக்குப் போவது உயிரோடு விளையாட்டு. கடி பட்டால் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நாயைப் பாம்பு கடித்தாலும் இதே முறைதான், தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்து பாம்பு விஷமுறிவு ஊசி ஒன்றுதான். அதற்கான விஷத்தை வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. அவர்களே பாம்பைக் கம்பியும் பையும் வைத்து நிதானமாகத்தான் கையாளுகிறார்கள்.

கேள்வி (தேனி): அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இருபது அடி தள்ளி நின்று, செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். முதலில் உதட்டைப் பாருங்கள்: மைக்கோடு போட்ட மாதிரி செங்குத்தான கறுப்புக் கோடுகள் இருந்தால் சாரை. கண்ணும் பெரிதாக இருக்கும். பிறகு உடம்பின் பின்பாதி: வால்வரை கறுப்புக் குறுக்குப் பட்டைகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு பாம்பிலும் தனித்தனியாகப் பாருங்கள். நாயைக் கட்டிப் போட்டுவிட்டுப் பாருங்கள்.