தமிழக-கேரள எல்லையில், மலக்கப்பாறையில் ரோட்டின் எண் ஏன் மாறுகிறது?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வழியாகச் சாலக்குடி போகிறவர்கள் கேட்பதுதான் இது. மாநில நெடுஞ்சாலை என்றால் மாநில அரசு போட்டு, பராமரித்து, எண் கொடுக்கும் ரோடு. எல்லை தாண்டி ரோடு அடுத்த மாநில அரசின் கைக்குப் போனால் எண்ணும் மாறும், அவ்வளவுதான். ஒரே வாய்க்கால் தண்ணீர்தான், ஆனால் அவரவர் வயலோரத்தை அவரவர் தூர்வாருகிற மாதிரி.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறும் இந்த மலைப்பாதை, தேயிலைத் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. 9-வது வளைவில் நின்றால் கீழே ஆழியாறு அணை மொத்தமும் தெரியும், அங்கே வரையாடும் நிற்கும் (முறுக்கு கொடுக்காதீர்கள்). மலக்கப்பாறைச் செக்போஸ்ட் தாண்டினால் கேரளத்தின் 21-ஆம் எண், வாழச்சால் காடு, அதிரப்பள்ளி, அப்புறம் சாலக்குடி.

நெடுஞ்சாலை என்றதும் நாலுவழிச்சாலை என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். அந்தப் பெயர் ரோடு யார் பொறுப்பு என்பதைத்தான் சொல்கிறது, அகலத்தை அல்ல.