மணலைச் சுத்தம் செய்ய நட்சத்திர மீன் வாங்கலாமா?

கேள்வி: 250 லிட்டரில் பவளத் தொட்டி அமைத்து இரண்டு மாதம் ஆகிறது. மணல் 5 செ.மீ. உயரம். இப்போதைக்கு இரண்டு க்ளவுன் மீன்கள் மட்டும். மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் படிந்துகொண்டே இருக்கிறது. மணலைக் கிளறும் நட்சத்திர மீனை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 'சாண்ட் சிஃப்டிங் ஸ்டார்' என்று விற்கப்படும் அஸ்ட்ரோபெக்டன், அழுக்கைத் தின்பதற்காக மணலைக் கிளறுவதில்லை. அங்கே வாழும் புழுக்களையும் குட்டி நத்தைகளையும் தேடித்தான் கிளறுகிறது. உங்கள் மணலைக் கெடாமல் காப்பதே அந்தச் சின்ன உயிர்கள்தான். அவை தீர்ந்ததும் நட்சத்திர மீன் மணலுக்கடியில் பட்டினி கிடக்கும். கை நுனிகள் கரையத் தொடங்கும்போதுதான் நமக்கே தெரியவரும். இப்படிச் சாகடிப்பதற்கென்றே ஓர் உயிரை வாங்க வேண்டுமா?

அந்தப் படலம் பெரும்பாலும் டயட்டம் பாசி. புதுத் தொட்டிகளில் வழக்கமாக வருவது. தண்ணீரில் உள்ள சிலிகேட் தீரத் தீரத் தானாகக் குறையும். குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்தி ஆர்.ஓ.-டி.ஐ. தண்ணீருக்கு (கரைந்திருக்கும் தாதுக்களையும் நீக்கிச் சுத்திகரித்த தண்ணீர்) மாறுங்கள். படலம் சிவந்து, வழவழவென்று ஏடு போல உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. அதற்கு நத்தைகளை நம்பிப் பயனில்லை. மணல் மேல் நீரோட்டத்தைக் கூட்டி, தீனியைக் குறைத்து, உறிஞ்சி வெளியேற்றுங்கள்.

டயட்டம்தான் என்றால் ஐந்தாறு செரித் நத்தைகள் போதும். இரவில் மணலையும் கண்ணாடியையும் மேய்ந்து, மேல் மணலையும் லேசாகக் கிளறிவிடும். நசாரியஸ் நத்தையை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல உயிர்தான், ஆனால் பாசியைத் தொடாது. மிச்சத் தீனிதான் அதன் சாப்பாடு. தீனி போட்டதும் யானைத் தும்பிக்கை போலக் குழலை நீட்டிக்கொண்டு மணலுக்குள்ளிருந்து எழுந்து வருவதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை. இரண்டு மீன்களின் மிச்சத்துக்கு மூன்று நான்கு போதும், மேலும் மீன்கள் வந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

சங்கு வகையில் ஃபைட்டிங் காங்க் அருமையான மணல் மேய்ப்பன். ஆனால் ஆறு மாதம் பொறுத்து ஒன்றே ஒன்று வாங்குங்கள். இப்போது விட்டால் படலம் தீர்ந்ததும் பசியில் வாடும். வேலன்சியன்னா கோபி என்ற மீன் மணலை வாய் வாயாக அள்ளிச் சலித்துப் பளிச்சென்று ஆக்கும், கூடவே பவளங்கள் மேல் கொட்டியும் வைக்கும். தினமும் தனியாகத் தீனி போட நேரமிருந்தால் மட்டும், தொட்டிக்கு மூடியும் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

கடல் அட்டை மணலை விழுங்கிச் சுத்தமாக வெளியேற்றும் என்பது உண்மை. ஆனால் பம்பில் சிக்கினால் அதன் நஞ்சு மீன்களையே கொன்றுவிடலாம். இந்தியக் கடலில் கடல் அட்டை பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது. மன்னார் வளைகுடா அட்டை என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

நத்தைகள் உப்பளவு மாற்றத்தைத் தாங்காது. ஒரு மணி நேரமாவது தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கிய பிறகு உள்ளே விடுங்கள். தொட்டியில் இதற்கு முன் தாமிர மருந்து போட்டதுண்டா என்று எழுதுங்கள். போட்டிருந்தால் எந்த நத்தையும் வாங்க வேண்டாம், முதலில் தாமிரத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.