மோட்டாரின் விசையைப் பல் வைத்த பெல்ட் மூலம் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும் மாடல்) ஆஃப்-ரோடு டிரக்கை நாமே கட்டலாமா? மண்ணில் பெல்ட் தாங்குமா?

தாராளமாகக் கட்டலாம். நான் கட்டிய 1/10 அளவு டிரக் பெல்ட்டில்தான் ஓடுகிறது. 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் சேஸிஸ் (அடிச்சட்டம்), முன் அச்சுக்கு ஒரு நீள பெல்ட், பின் அச்சுக்கு ஒரு குட்டை பெல்ட். பெல்ட் எல்லாம் தார் ரோட்டு ரேஸ் காருக்குத்தான் என்று பலர் சொல்வார்கள். 1987இல் இங்கிலாந்தின் ரோம்சியில் நடந்த ஆஃப்-ரோடு உலகப் போட்டியில், நான்கு சக்கர இயக்கப் பிரிவில் மசாமி ஹிரோசாகா ஜெயித்ததே பெல்ட் வைத்த ஷூமாக்கர் கேட் வண்டியில்தான்.

ஆனால் அது பக்கி, அதாவது தாழ்வான, இலகுவான ஆஃப்-ரோடு ரேஸ் வண்டி. டிரக்குக்குச் சக்கரம் பெரிது, சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் மோட்டார் வாங்கும் முன் சக்கரத்தை அளந்துவிடுங்கள். வண்டி 2.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிடிமானம் உள்ள தரையில் டயர் கிட்டத்தட்ட அதே 2.5 கிலோ விசையோடு தள்ளும். சக்கரத்தின் ஆரம் 55 மி.மீ.; டிஃப்ரென்ஷியலில் (அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) 3 மி.மீ. பல் இடைவெளி உள்ள 40 பல் புல்லி (பெல்ட் சுற்றும் பல்சக்கரம்) என்றால் அதன் ஆரம் 19 மி.மீ. ஆக, மொத்த விசையும் ஒரே அச்சில் விழும்போது பெல்ட்டில் வரும் இழுவை ஏறக்குறைய மூன்று மடங்கு, 7 கிலோவுக்கு மேல். குதித்து இறங்கும்போது த்ராட்டில் கொடுத்திருந்தால் இன்னும் எகிறும். புல்லியைச் சின்னதாக்கினால் இழுவை கூடும். எனவே இடம் இருக்கும் வரை டிஃப்ரென்ஷியல் புல்லியைப் பெரிதாகவே வையுங்கள். மோட்டார் பக்கத்துச் சின்ன புல்லியில் எப்போதும் குறைந்தது 6 பற்களாவது பெல்ட்டைக் கவ்வியிருக்க வேண்டும். 3டி பிரிண்டரில் வரும் 2 மி.மீ. பல் இடைவெளி பெல்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போடாதீர்கள்.

அடுத்தது பெல்ட்டை எவ்வளவு இறுக்கமாக வைப்பது என்பது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் வேண்டவே வேண்டாம். முன்னே போகும்போது பெல்ட்டின் எந்தப் பக்கம் தளர்வாக இருக்கிறதோ, பிரேக் போட்டதும் அதுதான் இறுகும். ஸ்பிரிங் அப்போது விட்டுக்கொடுக்கும், பெல்ட் 'டர்ர்' என்று பல் தாண்டும். நீள்துளையில் நகர்த்தி போல்ட்டால் இறுக்கிவிடும் ஐட்லர் (பெல்ட்டை அழுத்தியபடி சும்மா சுற்றும் உருளை) போதும். அப்புறம், பெல்ட் கடையில் குறிப்பிட்ட நீளங்களில்தான் கிடைக்கும். முதலில் பெல்ட்டை வாங்கிவிட்டு, அதற்கேற்ப சேஸிஸில் துளை போடுங்கள்.

ஸ்லிப்பர் கிளட்ச் (விசை அளவுக்கு மீறினால் வழுக்கிக்கொடுக்கும் இணைப்பு) கட்டாயம். பெல்ட் பல் தாண்டுவதற்கு முன்பே கிளட்ச் வழுக்கும்படி அதை வைத்துவிட்டால் பெல்ட் நீண்ட நாள் வரும்.

மண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். புழுதியால் பெரிய ஆபத்தில்லை, கூழாங்கல்தான் எமன். ஒரு சின்னக் கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போனால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை முறிந்துவிடும், வெளியே சட்டென்று ஒன்றும் தெரியாது. ஓட்டிவிட்டு வந்ததும் பெல்ட்டை விரலால் மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நீள பெல்ட் போகும் பாதை முழுவதையும் பாலிகார்பனேட் தகட்டால் மூடிவிடுங்கள். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், மண் அப்பிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், மோட்டார் குறுக்காக உட்காருவதால் த்ராட்டில் கொடுக்கும்போது சேஸிஸ் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. பெல்ட்டுக்குப் பதில் நீளமாகச் சுழலும் தண்டு வைத்த ஷாஃப்ட் வண்டி ஓட்டியவர்களுக்கு முதல் மேட்டிலேயே வித்தியாசம் தெரியும்.