மினுமினுக்குற குக்ரி எதுக்கு? கேளுங்க சொல்றேன்

கேள்வி: அடுத்த மாசம் நாலு பேரா நேபாளத்துக்கு ட்ரெக்கிங் போறோம். வரும்போது காட்மாண்டுல ஒரு ஒரிஜினல் குக்ரி, அதான் அந்த ஊரு வளைஞ்ச கத்தி, வாங்கிட்டு வரணும்னு ரொம்ப நாள் ஆசை. சுவத்துல மாட்டி வைக்க இல்லைங்க, கேம்ப்பிங் போறப்ப விறகு பொளக்க, கிளை வெட்ட நிஜமாவே யூஸ் பண்ணணும். பட்ஜெட் கம்மி. கடைக்காரர் ஏமாத்தாம இருக்க எதெதப் பாக்கணும்?

பதில்: முதல்ல நான் ஏமாந்த கதைய சொல்லிடுறேன், அதுலயே பாதி பதில் இருக்கு. காட்மாண்டுல தமேல்னு டூரிஸ்ட் கடைத்தெரு, அங்க ஒரு கடை, பேரு வேண்டாம். கண்ணாடி மாதிரி பளபளன்னு அலகு, பித்தளைல சிங்கத்தலை வச்ச கைப்பிடி, சிவப்பு வெல்வெட் உறை, மயங்கிட்டேன். முதல் கேம்ப்ல மூணாவது கட்டைல ஓங்கி ஒரு போடு போட்டேன் பாருங்க, கைப்பிடி என் கைல அப்படியே இருக்கு, அலகு மட்டும் தனியா ஒரு பக்கம் திரும்பி நிக்குது. கழட்டிப் பாத்தா உள்ள போன இரும்பு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்ல. நல்ல வேளை பக்கத்துல யாரும் உக்காந்திருக்கல.

அதனால காசு கம்மியா இருந்தா மினுமினுப்புக்கும் சிங்கத்துக்கும் ஒரு பைசா குடுக்காதீங்க. குக்ரில விலைய ஏத்துறது பாலிஷ், செதுக்கு வேலை, கொம்பு, பித்தளை இதெல்லாம்தான், இதுல ஒன்னுகூட விறகு பொளக்காது. அழுக்குக் கலர்ல, சுத்தியல் பட்ட தடம்கூட லேசா தெரியுற மாதிரி ஒன்னு கடையோட மூலைல கெடக்கும், நேபாள கிராமத்துல அன்னாடம் வேலைக்கு எடுக்குற ரகம். அதைக் காட்டுங்கன்னு கேளுங்க.

இரும்ப பத்தி ஒரே வரில சொல்லணும்னா லாரி பட்டை. லாரிக்கு அடில ஸ்பிரிங் பட்டை இருக்குல்ல, அதை வெட்டி அடிச்சுதான் அங்க பெரும்பாலும் குக்ரி செய்றாங்க. பழைய இரும்பான்னு முகம் சுளிக்காதீங்க, அது வளைஞ்சு நிமிந்து அடி வாங்குறதுக்குன்னே செஞ்ச ஹை கார்பன் ஸ்டீல், வெட்டுற வேலைக்கு அதவிட தோதான சரக்கு இந்த விலைல கெடைக்காது. ஆனா இரும்பு பாதிதான், மீதி பதம். காமின்னு சொல்லுவாங்க அங்க உள்ள கொல்லர்கள, விஸ்வகர்மான்னும் பேரு உண்டு, அவங்க அலகு பூராவையும் ஆரஞ்சு நிறத்துக்கு பழுக்க வச்சு எடுத்துட்டு ஒரு கெட்டில்ல இருந்து தண்ணிய கத்தியோட வாய், அதாவது வெட்டுற ஓரத்துல மட்டும் சன்னமா ஊத்திக்கிட்டே போவாங்க. தண்ணி பட்ட வாய்ப்பக்கம் கெட்டியாகும், முதுகு கொஞ்சம் மென்மையாவே நிக்கும். வாய் சீக்கிரம் மழுங்காது, முதுகு அடிய வாங்கிக்கும், உடையாது. பூரா அலகையும் ஒரேயடியா கெட்டியாக்குனா கணு விழுந்த கட்டைல அடிக்கறப்ப கண்ணாடி மாதிரி தெறிச்சிடும்.

பதம் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு சின்ன அரம் பைல வச்சுக்கோங்க, கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு, குக்ரி நல்லா அகலமா தொப்பை போட்ட இடத்துல வாய் ஓரமா லேசா ஒரு இழு. அரம் வழுக்கிட்டுப் போனா சரி. வெண்ணெய்ல போற மாதிரி கடிச்சு இறங்குச்சுன்னா அது ஷோகேஸ் சரக்கு. அரம்னு சொன்னதுமே கடைக்காரர் மூஞ்சி மாறினாலும் உங்களுக்கு விஷயம் புரிஞ்சிடும்.

அடுத்தது டேங், கைப்பிடிக்குள்ள போற இரும்பு. இதுலதான் நான் மண்ணைக் கவ்வுனது. உங்களுக்கு நான் சொல்றது பனாவல் டைப், அதாவது இரும்பு கைப்பிடி கடைசி வரைக்கும் பட்டையா ஓடி வந்து ரெண்டு பக்கமும் மரத்துண்டு வச்சு ஆணி அறைஞ்சிருக்கும், ஓரத்துல பாத்தாலே இரும்பு கண்ணுக்குத் தெரியும், ஏமாத்த வழியே இல்ல. இன்னொன்னு எலிவால் மாதிரி மெலிசா உள்ள போய் அடில பித்தளைத் தகடு வச்சு தட்டி மடக்கினது, அதுவும் பரவால்ல, நல்ல கொல்லர் செஞ்சா ஆயுசுக்கும் நிக்கும். அடில மடக்கின தடமே இல்லைன்னா உள்ள எவ்வளவு இரும்பு இருக்குன்னு செஞ்சவருக்குத்தான் தெரியும், வச்சுட்டு வந்துடுங்க. கைப்பிடிக்கு மரம் போதும், எருமைக் கொம்பு பாக்க அழகுதான், ஆனா வெயில்லயும் வறட்சிலயும் வெடிப்பு விடும்.

சைஸ்ல எல்லாரும் பண்ற தப்பு ஒன்னு, பெருசா வாங்குறது. அலகு 10 இன்ச், எடை 500ல இருந்து 700 கிராமுக்குள்ள, அவ்வளவுதான் வேணும். குக்ரி முன்பக்கம் வளைஞ்சு கனமா இருக்கறதால நீங்க பலம் போடவே வேண்டாம், அதுவே விழும், மணிக்கட்டு சொடுக்குனா போதும். ஒரு கிலோவ தூக்கிட்டு அரை மணி நேரம் வெட்டிப் பாருங்க, கை நடுங்க ஆரம்பிக்கும், கை நடுங்குறப்பதான் முழங்கால்ல போடுவீங்க.

பேருங்க நெறைய சொல்லி குழப்புவாங்க. சிருபாத்தேன்னா சிரு புல்லோட இலை மாதிரி ஒல்லியா நீளமா இருக்கும், செடி கொடி சீவ சூப்பர், விறகுக்கு ஆகாது. அங்கோலா தடிச்ச முதுகு, பக்கத்துல குழிச்சு அடிச்சு எடைய கொறைச்சிருப்பாங்க, உங்க வேலைக்கு இதுதான். போஜ்பூரேன்னா கிழக்கு நேபாளத்துல போஜ்பூர் பக்கத்து பாணி, அந்த ஊரு குக்ரிக்கே பேர் போனது, அதுவும் வேலைக்காரக் கத்திதான். கூடவே உறைல ரெண்டு குட்டிக் கத்தி வரும், கூரா இருக்கறது கர்தா, சின்ன வேலைக்கு, மொட்டையா இருக்கறது சக்மக், வாயைத் தேய்ச்சு சரிபண்ண. விலை கம்மி செட்ல இது ரெண்டும் பேருக்குத்தான் இருக்கும், அதை வச்சு விலை பேச விடாதீங்க.

திரும்பி வர்றப்ப கேபின் பைல வைக்காதீங்க, பிடுங்கிடுவாங்க, செக்கின் லக்கேஜ்லதான் போடணும், வாயை அட்டை வச்சு நல்லா சுத்தி. ஊருக்கு ஊர் கத்தி நீளத்துக்கு சட்டம் வேற வேற, நீங்க இருக்கற இடத்து விதிய வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க.

கேள்வி: குக்ரிய உறைல இருந்து உருவிட்டா ரத்தம் பாக்காம திரும்ப வைக்கக்கூடாதுன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான். உண்மையா சார்?

பதில்: உங்க ஃப்ரெண்ட் சொல்றபடி பாத்தா நேபாளத்துல ஒவ்வொரு வீட்லயும் காலைல முள்ளங்கி நறுக்குறதுக்கு ஒருத்தர் விரலக் குடுக்கணும். அங்க அது வீட்டுச் சாமான் தம்பி, காய்கறி, கறி, விறகு, மூங்கில் எல்லாத்துக்கும் அதான். 1814ல ஆரம்பிச்ச ஆங்கிலேய நேபாளச் சண்டைக்கு அப்புறம் கூர்க்கா பட்டாளம் புகழோட சேந்து இந்தக் கதையும் பரவிடுச்சு.

ஆனா ரத்தம் வர்ற வழி ஒன்னு நிஜமாவே இருக்கு. உறைங்கறது ரெண்டு மரச் சில்லு, மேல தோல், அவ்வளவுதான். உருவுறப்ப கைய உறையச் சுத்தி முழுசா பிடிச்சா, உங்க விரல் நுனி நாலும் கத்தியோட வாய்ப்பக்கம்தான் இருக்கும், அலகு மரத்தோட இணைப்ப பொளந்துட்டு வந்தா நேரா விரல்தான். உறையோட முதுகுப் பக்கத்தையும் ரெண்டு கன்னத்தையும் மட்டும் பிடிங்க, அலகோட முதுகு உறையோட முதுகுலயே உரசிட்டு வர்ற மாதிரி நிதானமா உருவுங்க. திரும்ப வைக்கறப்பவும் இதே மாதிரிதான். முதல் நாளே இதை பத்து தடவ பழகிட்டு அப்புறம் விறகுகிட்ட போங்க.

கேள்வி: போன வருஷம் வாங்கின குக்ரி ஒரே மழைல துரு பிடிச்சிடுச்சு, சாணைக்கல்லுல தீட்டினா கூரும் வரமாட்டேங்குது, இப்ப கைப்பிடி வேற ஆடுது. தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: போடாதீங்க, மூணுமே சரி பண்ணலாம். துரு கார்பன் ஸ்டீலோட குணம். எண்ணெய் தொட்டு மெல்லிசு உப்புத்தாள்ல தேய்ங்க, அப்புறம் ஒவ்வொரு தடவையும் தொடைச்சு ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்க. ரொம்ப நாள் எடுக்க மாட்டீங்கன்னா உறைக்கு வெளிய வைங்க, தோலும் மரமும் ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும்.

கூர் வராததுக்குக் காரணம் கல்லு தட்டை, குக்ரியோட வாய் வளைவு, போதாக்குறைக்கு கன்னமும் லேசா உப்பலா இருக்கும். பழைய மவுஸ் பேட் ஒன்னு எடுங்க, மேல 400 நம்பர் உப்புத்தாள வைங்க, கத்திய வாய் பின்னாடி வர்ற மாதிரி உங்க பக்கம் இழுங்க, தள்ளாதீங்க. மெத்துன்னு இருக்கறதால தாள் அந்த உப்பலுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு குடுக்கும். ஒரு பக்கம் இருபது, மறுபக்கம் இருபது, அப்புறம் 1000, கடைசியா பழைய பெல்ட் தோல். கைப்பிடி பக்கத்துல இருக்கே அந்தக் குழி, கௌடின்னு சொல்வாங்க, எதுக்குன்னு ஆளுக்கு ஒரு கதை வச்சிருக்காங்க, நீங்க அதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க.

கைப்பிடி ஆடுதுன்னா பெரும்பாலும் லாஹா இளகிருக்கும். அது கைப்பிடிக்குள்ள இரும்ப ஒட்டி வச்சிருக்கற அரக்கு மாதிரி பிசின், சூட்டுக்கு உருகும். வெயில்ல நிறுத்தின கார்ல வச்சிருந்தீங்களா? ஆணி அறைஞ்ச பனாவலா இருந்தா ஆணியத் தட்டுனா போதும், மத்ததுன்னா கைப்பிடியக் கழட்டி உள்ள இருக்கற இரும்போட நீளத்த முதல்ல பாருங்க. கைப்பிடி நீளத்துல முக்கால்வாசிக்கு மேல இருந்தா எபாக்சி பசை ஊத்தி திரும்ப மாட்டி ஒரு ராத்திரி கட்டி வைங்க. சுண்டுவிரல் அளவுதான்னா, எங்க வீட்டுச் சுவத்துல என் சிங்கத்தலைக்குப் பக்கத்துல இன்னும் ஒரு ஆணி காலியாத்தான் இருக்கு.