ராணிக்கு விழா, லிப்டனுக்கு 'சர்' பட்டம்

கேள்வி: 2022-இல் எலிசபெத் அரசியின் 70 ஆண்டு நிறைவு விழா நடந்தபோது லண்டனில் இருந்த என் மகன் ஒரு பீங்கான் குவளை வாங்கி அனுப்பினான். அங்கே மக்கள் தாங்களாகவே தெருவில் மேசை போட்டுக் கேக் வெட்டிக் கொண்டாடினார்களாம். நம் ஊரில் தலைவர் விழா என்றால் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து லாரியில் ஆள் ஏற்றிவர வேண்டியிருக்கிறது. மக்களாட்சிக்குக் கிடைக்காத அன்பு மன்னராட்சிக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது அன்பைப் பற்றி. நான் பிடித்துக்கொண்டது குவளையை. அதைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தின் பீங்கான் ஊரான ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்று இருந்தால் பையன் தாராளமாகச் செலவு செய்திருக்கிறான். சீனா என்று இருந்தால் சிக்கனமாக இருந்திருக்கிறான். எதுவானாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த விழாவுக்காகச் சீனாவில் செய்த ஒரு சரக்கில் 'ஜூபிலி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஜப்ளி' என்று அச்சாகிவிட்டது. குவளை, டீ கப், தட்டு எல்லாமாக 10,800 உருப்படிகள். அவற்றை வைத்திருந்த வியாபாரி தலையில் கை வைத்து உட்காரவில்லை. பிழையையே பெருமையாகச் சொல்லி விற்பனைக்கு விட்டார். உலகச் செய்தியாகிவிட்டது. காலமெல்லாம் அச்சுப்பிழையோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த வியாபாரி மேல் பெரிய மரியாதை. எங்கள் உதவி ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "அப்படிப் பார்த்தால் நாம் வாராவாரம் விழா கொண்டாடலாமே சார்" என்றார். பிழைதிருத்த வேண்டியவர் அவர்தான்.

அரச விழாவுக்குக் குவளை கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. 1887-இல் விக்டோரியாவின் பொன்விழாவுக்கு லண்டன் ஹைட் பார்க்கில் 30,000 பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கு ஒரு பன்னும் பாலும் கொடுத்து, கையில் ஒரு நினைவுக் குவளையையும் கொடுத்து அனுப்பினார்கள். ஏற்பாட்டில் முன்னால் நின்றவர் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகையின் அதிபர் எட்வர்ட் லாசன். பிறகு அவர் பிரபுவும் ஆனார். பத்திரிகைக்காரன் பன் கொடுத்தால் பிரபு ஆகலாம் என்று இத்தனை நாளாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

எட்டாம் எட்வர்டுக்கு 1937 மே 12-இல் முடிசூட்டு என்று நாள் குறித்தார்கள். குயவர்கள் அவர் முகம் போட்ட குவளைகளைச் சுட்டு அடுக்கிவிட்டார்கள். அவரோ 1936 டிசம்பரிலேயே காதலுக்காக முடியைத் துறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதே மே 12-இல் தம்பி ஆறாம் ஜார்ஜுக்கு முடிசூட்டினார்கள். முகூர்த்தம் மாறவில்லை, மாப்பிள்ளைதான் மாறினார்.

குவளை எப்போதும் சிரிப்புக்குரியதாகவும் இருந்ததில்லை. 1896-இல் மாஸ்கோவில் இரண்டாம் நிக்கோலஸ் முடிசூடியபோது கொடின்கா மைதானத்தில் மக்களுக்குப் பரிசு மூட்டை கொடுப்பதாக அறிவித்தார்கள். ரொட்டி, இறைச்சி, இனிப்பு, கூடவே மன்னரின் முத்திரை போட்ட எனாமல் குவளை. எல்லோருக்கும் போதாது என்று விடியும் முன்பே வதந்தி பரவியது. பள்ளமும் குழியுமான அந்த மைதானத்தில் நெரிசலில் செத்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 1,389 பேர். அன்று இரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு மன்னர் போனார். இலவசத்துக்கு முண்டியடிப்பது நம் ஊர்க் குணம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

சரி, உங்கள் 'தாங்களாகவே'வுக்கு வருகிறேன். 2022 விழாவுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? மே மாதக் கடைசியில் வரும் பொது விடுமுறையைத் தூக்கி ஜூன் 2, வியாழக்கிழமையில் வைத்தது. வெள்ளிக்கிழமையைக் கூடுதல் விடுமுறையாக அறிவித்தது. சனி, ஞாயிறு சும்மா வந்தன. ஆக நாலு நாள். சம்பளத்தோடு நாலு நாள் விட்டால் நான் என் வீட்டுக்காரருக்கே விழா எடுப்பேன். அவர் வாடகை ஏற்றாத வருஷமே கிடையாது.

கடைசி நாள் ஊர்வலத்தில் 1762-இல் செய்த தங்க ரதம் வந்தது. உள்ளே ராணி இல்லை. 96 வயதில் அதில் உட்கார்ந்து குலுங்க முடியாது. இளவயதில் அதே ரதத்தில் முடிசூடப் போனபோது எடுத்த படத்தை ஜன்னலில் ஓட விட்டார்கள். படம் கையசைத்தது, கூட்டமும் பதிலுக்குக் கையசைத்தது. இங்கே கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிறவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

லாரி அங்கேயும் உண்டு, அம்மா. பெயர் மட்டும் பஸ். 2012-இல் வைர விழாவுக்குத் தேம்ஸ் நதியில் சுமார் 1,000 படகுகளை விட்டார்கள். நல்ல மழை. கரையில் கூட்டத்தை ஒழுங்கு செய்ய வெளியூர்களிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரப்பட்டவர்களில் வேலையில்லாத இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். 'வேலை அனுபவம்' என்ற பெயரில், சம்பளம் இல்லாமல். நள்ளிரவு தாண்டி வந்து இறங்கியவர்களை லண்டன் பாலத்துக்கு அடியில் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். செய்தி வெளிவந்ததும் பெரிய ரகளை ஆனது. ஏற்பாடு செய்த கம்பெனி மன்னிப்புக் கேட்டது. நம் லாரிக்காரன் குறைந்தபட்சம் பிரியாணியாவது கொடுத்தான்.

இதையெல்லாம் சொல்வதால் கொண்டாடியவர்கள் எல்லோருமே பொய்யாகக் கொண்டாடினார்கள் என்று நான் சொல்லவில்லை. 1935 வெள்ளி விழாவில் கிழக்கு லண்டன் ஏழைகள் தெருத் தெருவாகத் திரண்டதைப் பார்த்து ஐந்தாம் ஜார்ஜே அசந்துபோனார். தன்னை இவ்வளவு பேருக்குப் பிடிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. நான் சொல்வது வேறு. விழா நாயகருக்கு விழாவில் இருக்கும் அக்கறை மிகக் கொஞ்சம். அக்கறையெல்லாம் விழா எடுப்பவர்களுக்குத்தான். 1897 வைர விழாவில் விக்டோரியாவுக்கு மூட்டுவலி. செயின்ட் பால் ஆலயத்தின் படி ஏற முடியவில்லை. அதனால் வழிபாட்டையே வாசலுக்குக் கொண்டுவந்து, அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே 20 நிமிஷத்தில் முடித்தார்கள். தெருவில் நின்றா கடவுளுக்கு நன்றி சொல்வது என்று ராஜ குடும்பத்து உறவுக்காரி ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் குடியேற்ற அமைச்சர் ஜோசப் சேம்பர்லைனுக்கு அது பொன்னான நாள். மற்ற நாட்டு மன்னர்களைக் கூப்பிடாமல், குடியேற்ற நாடுகளின் பிரதமர்களையும் படைகளையும் வரவழைத்து, அதைச் சாம்ராஜ்யத்தின் கண்காட்சியாகவே மாற்றிவிட்டார்.

எங்கள் பேட்டை வாசகர் சங்கத்திலும் ஒருவர் தலைவர் பதவியில் 25 வருஷம் உட்கார்ந்து வெள்ளி விழா கண்டார். இடையில் தேர்தல் ஏதும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. ராணியையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே என்றார். விழா மலருக்கு என்னிடம் கட்டுரையும் வாங்கி, நன்கொடை ரசீதும் கிழித்துக் கொடுத்தார். மலர் இன்னும் வரவில்லை.

1897-க்கு வந்தால் லிப்டனைத் தொடாமல் போக முடியாது. வேல்ஸ் இளவரசி அலெக்சாண்ட்ரா, விழாவையொட்டி லண்டன் ஏழைகளுக்கு ஒரு வேளை சாப்பாடு போட நிதி திரட்டினார். வசூல் படு மந்தம். அப்போது 25,000 பவுண்டைத் தூக்கிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றியவர் மளிகை வியாபாரி தாமஸ் லிப்டன். லட்சக்கணக்கான ஏழைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். மறு வருஷம் அவர் 'சர்' ஆனார். டீ விற்பனையும் ஒன்றும் குறையவில்லை.

டீ என்றதும் என் பழைய சண்டை ஒன்று எழுந்து நிற்கிறது. நான் காபிக் கட்சி என்பது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். டீதான் உழைப்பாளியின் பானம், காபி மேட்டுக்குடித்தனம் என்று எழுதுகிற கோவை அன்பர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில். இலங்கை மலையில் முதலில் செழித்தது காபிதான். 1869-இல் இலைத் துரு நோய் தென்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பூஞ்சை தோட்டம் தோட்டமாகக் காபியைத் தின்றது. துரைமார்கள் டீக்கு மாறினார்கள். லிப்டன் 1890-இல் போய் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அந்தப் பூஞ்சை மட்டும் வராமல் இருந்திருந்தால் லண்டன் ஏழைகள் பில்டர் காபி குடித்து நாகரிகம் அடைந்திருப்பார்கள். சேம்பர்லைனும் காலையில் இரண்டாம் டிகாக்ஷன் குடித்துவிட்டு, சாம்ராஜ்யமா, அதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று பேப்பரை விரித்திருப்பார்.

அந்த டீக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் யார்? திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள். விடியற்காலை வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு கூடை, பிறகு லயம் என்ற வரிசை வீட்டில் பத்தடி அறை. கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாக ஏறிக்கொண்டே போகும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதித் தருகிற சீட்டுக்குப் பெயர் துண்டு. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் ஆளோடு சேர்ந்து அங்கே போகும். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். விக்டோரியாவின் அதே விவிலியத்தில், லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில், யூபிலி (அதுதான் ஜூபிலி) வருஷத்தில் செய்ய வேண்டியது எழுதியிருக்கிறது: விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், கடனுக்கு அடிமையானவன் விடுதலையாகி வீட்டுக்குப் போக வேண்டும். பன் கொடுக்கச் சொல்லி அதில் எங்கும் இல்லை.

1897 ஜூன் 22 இரவு பிரிட்டனில் மலைக்கு மலை சொக்கப்பனை கொளுத்தினார்கள். அதே இரவில் புனேயில், கணேஷ்கிண்ட் அரசு மாளிகையில் விழா விருந்து முடிந்து வெளியே வந்த பிளேக் கமிட்டி அதிகாரி ராண்டை சாபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். பின்னால் வந்த லெப்டினன்ட் அயெர்ஸ்ட் அங்கேயே செத்தார், ராண்ட் ஜூலை 3-இல். அந்த வருஷம் நாட்டில் பஞ்சம், பம்பாயிலும் புனேயிலும் பிளேக். நோயைத் தேடுகிறோம் என்று ராணுவத்தார் வீட்டுக்குள் புகுந்து சாமானை வெளியே எறிந்து, பெண்களைச் சோதித்து ஊரையே கொதிக்க வைத்திருந்தார்கள். அந்த ஊரில்தான் ராணிக்கு வாண வேடிக்கை.

சுட்டவர்களைக் கண்டுபிடிக்கும் முன்பே அரசாங்கம் கண்டுபிடித்தது ஒரு பத்திரிகை ஆசிரியரை. 'கேசரி'யில் வந்த எழுத்துகளுக்காகத் திலகரை ராஜதுரோக வழக்கில் பிடித்து 18 மாதம் கடுங்காவல் போட்டார்கள். சம்ஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் உள்ளிட்டவர்கள் மனுப் போட்டதால் 1898-இல் கொஞ்சம் முன்னதாக விட்டார்கள். ஜூபிலியில் சிக்கிய பத்திரிகைக்காரர்களுக்கு, எனக்குத் தெரிந்து, லாசனின் வழி ஒன்று, திலகரின் வழி ஒன்று. முதலாவதற்கு என்னிடம் 30,000 பன்னுக்குக் காசில்லை. இரண்டாவதற்குச் சர்க்கரை வியாதி இடம் கொடுக்காது. எனவே அடுத்த முறை கோயில் யானை பற்றி ஏதாவது கேளுங்கள்.