வாசகர் கேள்வி – பதில்: பாரீஸ் பயணமும் ஜேப்படித் திருட்டும்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் கணவரும் முதன்முறையாக ஐரோப்பா செல்கிறோம். பாரீஸில் சில நாட்கள் தங்கிவிட்டு, அங்கிருந்து ரயிலில் இத்தாலி போவதாகத் திட்டம். பாரீஸில் ஜேப்படித் திருட்டு மிக அதிகம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நகை, பணம், பாஸ்போர்ட் ஆகியவற்றை எப்படிப் பாதுகாப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உறவினர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2013 ஏப்ரலில் லூவர் அருங்காட்சியக ஊழியர்கள், கும்பலாக உள்ளே வந்து பார்வையாளர்களிடம் திருடுவோரின் தொல்லை பொறுக்க முடியாமல் வேலையை நிறுத்தியதால், அன்று அருங்காட்சியகமே மூடிக் கிடந்தது; 2015 மே மாதத்தில் ஈஃபிள் கோபுரத்திலும் அதே காரணத்துக்காக அதுவே நடந்தது. ஆனாலும் சுற்றுலாப் பயணிகளிடம் நடக்கும் திருட்டில் பெரும்பாலும் கத்தியோ மிரட்டலோ இருப்பதில்லை. உங்கள் கவனத்தைச் சில நொடிகள் வேறு பக்கம் திருப்பிவிட்டு, அதற்குள் காரியத்தை முடித்துக்கொள்வதே அவர்கள் வழி.

மோன்மார்த்ர் குன்றில் தேவாலயத்துக்கு ஏறும் படிகளில் சிலர் சிரித்துப் பேசியபடியே உங்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி, காது கேளாதோருக்கான மனு என்று சொல்லிக் கையெழுத்துக்கு அட்டையை நீட்டுவார்கள். செய்ன் நதிக்கரையில் தரையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து, உங்களுடையதா என்று கேட்பார்கள். மூன்றுக்கும் மறுமொழி ஒன்றுதான்: நிற்காமல் நடந்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர் பேசினால் நின்று பதில் சொல்வது நம் பழக்கம் என்பதால், இது மரியாதைக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். அங்கே யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள்.

அதிக எச்சரிக்கை தேவைப்படும் இடம் மெட்ரோதான், அதிலும் சுற்றுலாத் தலங்களை இணைக்கும் முதலாம் எண் தடமும், விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ஆர்.இ.ஆர். பி ரயிலும். ஏறும்போது முன்னால் செல்பவர் காரணமின்றி வாசலிலேயே நின்றுவிட, பின்னால் இருப்பவர்கள் நெருக்கித் தள்ளுகிறார்கள் என்றால், அந்த நெரிசல் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டதாக இருக்கலாம். கதவு மூடும் கணத்தில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு நடைமேடையில் குதித்து ஓடுவதும் உண்டு. ஆகவே கதவோரம் நின்று வரைபடம் பார்க்காதீர்கள். கைப்பையை முதுகுப் பக்கம் தொங்கவிடாமல், ஜிப் உடல் பக்கம் இருக்குமாறு முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைப்பவராக இருந்தால், அந்தப் பழக்கத்தைக் கிளம்பும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

நகைகளை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராவிட்டால், அந்தச் சில வாரங்களுக்கு மஞ்சள் கயிற்றில் கோத்து ஆடைக்குள் மறையும்படி அணியலாம். பணத்தையும் கார்டுகளையும் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டு அறையிலேயே பூட்டி இருக்கட்டும். கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்கவும் மூடவும், செலவு வரம்பைக் குறைக்கவும் வங்கிச் செயலியிலேயே வசதி இருப்பதால், தேவைக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம்.

நம் ஊர்ச் சாப்பாட்டுக்காக, ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்கு நீங்கள் அவசியம் போவீர்கள், போகவும் வேண்டும். அதற்கு அருகிலுள்ள கார் து நோர் ரயில் நிலையத்தில் மட்டும், இரவு நேரத்தில் பெட்டிகளோடு காத்திருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு கவனமாக இருந்தும் பாஸ்போர்ட் திருடு போய்விட்டால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரான்சில் காவல்துறையின் அவசர எண் 17. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 112. அந்த நகலோடும் புகைப்படங்களோடும் பாரீஸிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகினால், ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் கையில் இருந்தால் இந்த வேலை விரைவாக நடக்கும். அச்சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே பயன்படும். அதை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குச் சுற்றுலாவைத் தொடர முடியாது. புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டாலும், அதைக் கொண்டு பயணம் செய்யக்கூடாது.

கார்டும் போயிருந்தால், காவல் நிலையத்துக்குப் போகும் வழியிலேயே வங்கிக்குச் சொல்லி முடக்கிவிடுங்கள். பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் காப்பீட்டில் 30,000 யூரோ மருத்துவச் செலவு வரம்பு கட்டாயம். திருட்டு இழப்பு அதில் சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும் என்பதால், வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.