பதினொரு லட்சம் வெள்ளியும் ஐம்பது ரிங்கிட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் 31 ஆண்டுகள் அரசாங்கப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு சல்லிக்காசு கைநீட்டி வாங்கியதில்லை. அரசு ஊழியர்களின் சம்பள உயர்வைச் சிலர் வீண்செலவு என்று பேசுவது என் மனத்தைப் புண்படுத்துகிறது. சிங்கப்பூரைப் பாருங்கள். அமைச்சர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால் லஞ்சம் இல்லை. இங்கே மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அரைவயிற்றுச் சம்பளம், அதனால் ஊழல். இவ்வளவு எளிய கணக்கை ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஈப்போ

அன்புள்ள ஐயா,

சம்பள உயர்வு வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். உங்கள் கணக்கை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதை முதலில் பொய்யாக்குபவரே நீங்கள்தான். அரைவயிற்றுச் சம்பளத்தில் 31 ஆண்டுகள் கைநீட்டாமல் இருந்திருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் நம் அலுவலகங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள். நேர்மை சம்பளத்துக்குக் கிடைக்கும் சரக்கு என்று சொன்னால் அவர்களை என்ன கணக்கில் சேர்ப்பது?

சிங்கப்பூரின் கதையை நாம் பின்பக்கத்திலிருந்து படித்துப் பழகிவிட்டோம். 1951-ல் அங்கே 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. உடந்தையாக இருந்தவர்கள் போலீஸ் துப்பறிவாளர்கள். போலீசை போலீசே விசாரித்தால் ஒன்றும் நடக்காது என்று புரிந்துகொண்ட பிரிட்டிஷ் ஆட்சி, 1952-ல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவைத் தனியாக உண்டாக்கியது. 1959-ல் லீ குவான் இயூ ஆட்சிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, உயர் அதிகாரிகளின் படிகளை வெட்டியது. மறு ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து ஒருவரிடம் இருந்து, அதற்கு அவர் விளக்கம் தர முடியாவிட்டால், அதையும் நீதிமன்றம் சான்றாகக் கொள்ளலாம் என்று அச்சட்டம் சொன்னது. பிரதமரின் மாதச் சம்பளம் 1970-லும் 3,500 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). அமைச்சர்களின் சம்பளத்தைத் தனியார் துறையின் உச்ச வருமானத்தோடு பிணைத்த வெள்ளை அறிக்கை 1994-ல் வந்தது. அதற்குள் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன. வீட்டைப் பெருக்கித் துடைத்த பிறகு வாங்கிவைத்த நாற்காலியைப் பார்த்து, நாற்காலியால்தான் வீடு சுத்தமாயிற்று என்கிறோம்.

அந்த நாற்காலியும் எல்லாரையும் காப்பாற்றவில்லை. 2011 தேர்தலில் மக்கள் காட்டிய கோபத்துக்குப் பிறகு சம்பளத்தைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த பின்னும் புதிய அமைச்சர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 லட்சம் வெள்ளி. அந்த அளவில் சம்பளம் வாங்கிய முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் 2024 அக்டோபரில் சிறைக்குப் போனார். அரசு ஊழியராக இருந்துகொண்டு, தம் பணியோடு தொடர்புடையவர்களிடம் மதிப்புள்ள பொருள்களைப் பெற்றது குற்றம். நீதிக்கு இடையூறு செய்தது இன்னொன்று. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடத் துக்கமே அதிகம் வந்தது. கார்ப் பந்தய டிக்கெட், கால்பந்து டிக்கெட், இசை நாடக டிக்கெட், மதுப்புட்டிகள், ஒரு மடக்குச் சைக்கிள். எதையும் தம் காசில் வாங்க முடியாதவர் அல்ல அவர். நம்மவர் என்று பெருமையோடு பார்த்த மனிதர் என்பதால் இங்கே பல வீடுகளில் அது சொந்த வீட்டு அவமானமாகவே பேசப்பட்டது. அரசுத் தரப்பு ஆறேழு மாதங்கள் கேட்டது. நீதிபதி பன்னிரண்டு மாதங்கள் கொடுத்தார். சிங்கப்பூரிடம் நாம் கற்க வேண்டியது அந்தப் பன்னிரண்டு மாதங்களைத்தான்.

இந்தோனேசியாவில் 2007 வாக்கில் நிதியமைச்சின் ஊழியர்களுக்கு, வரித்துறையினர் உட்பட, வருமானத்தை வெகுவாக உயர்த்தினார்கள். லஞ்சத்தை ஒழிக்கத்தான் அந்த ஏற்பாடு. மூன்றே ஆண்டுகளில் காயுஸ் தம்புனான் பிடிபட்டார். வரித்துறையில் நடுமட்ட ஊழியர், வங்கிக் கணக்கில் 25 பில்லியன் ரூபியாவுக்கு மேல். காவலில் இருக்க வேண்டியவர் பொய்முடி வைத்துக்கொண்டு பாலித் தீவில் டென்னிஸ் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்ததைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. காவலே விலைக்குக் கிடைக்கும் இடத்தில் சம்பளத்தை உயர்த்தி என்ன பயன்? 2025 ஆகஸ்டில் அந்நாட்டு எம்பிக்களின் வீட்டுப்படி மட்டும் மாதம் 5 கோடி ரூபியா என்று வெளியானது. ஜகார்த்தா தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸ் கவச வண்டி ஏறி, மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டிய 21 வயதுப் பையன் செத்தான்.

மேலே இருப்பவருக்குக் கொடுக்கும்போது கீழே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம். சிங்கப்பூரில் கூட்டிப் பெருக்குபவருக்கு 2014 வரை சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வரம்பு கிடையாது. அந்த ஆண்டுதான் 1,000 வெள்ளி என்று வைத்தார்கள். பிறகு படிப்படியாக உயர்ந்து வருகிறது. அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக விடியற்காலை நான்கரை மணிக்கு ஜொகூர் பாலத்தில் மோட்டார்சைக்கிளில் நெருக்கியடித்து நிற்கிறார்களே நம் பிள்ளைகள், அவர்களுக்கு அந்த வரம்பு இல்லை.

உங்கள் வாதம் எங்கே பொருந்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு நிலத்தை அம்மா பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். எட்டாம் முறை எழுத்தர் கோப்பைத் திறக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "டுவிட் கோப்பி" என்றார். கோப்பிக் காசு. ஐம்பது ரிங்கிட் கொடுத்தேன். கொடுத்தது என் தவறு. இரண்டு வாரம் கழித்து இரவு பத்து மணிக்குச் சாலையோரக் கடையில் பர்கர் வாங்க நின்றேன். கல்லில் முட்டையை ஊற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான். பக்கத்தில் மனைவி, பெஞ்சில் சீருடையோடு தூங்கும் ஒரு பிள்ளை. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பர்கரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், நான் நீட்டிய காசை வாங்கவில்லை. அவரை எனக்கு வெறுக்க முடியவில்லை. அவருக்குச் சம்பளம் கூடியிருந்தால் அந்த ஐம்பது ரிங்கிட் என் பையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் 2.6 பில்லியன் ரிங்கிட் அன்றைய பிரதமர் நஜிப்பின் சொந்தக் கணக்குக்குப் போனது எந்தப் பிள்ளையின் பசிக்காகவும் இல்லை.

அதனால்தான் 2024 டிசம்பரில் தொடங்கிய உயர்வு அமைந்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலான ஊழியர்களுக்கு இரண்டு கட்டமாக 15 விழுக்காடு, உச்சியில் இருப்பவர்களுக்கு 7 விழுக்காடு. கீழே இருப்பவருக்குக் கூடுதல். அதை வீண்செலவு என்பவர்களோடு நானும் சண்டை போடுவேன்.

ஆனால் நம் நாட்டில் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் குற்றம் சாட்டுபவரும் இன்னும் ஒரே ஆள், சட்டத்துறைத் தலைவர். 2023 செப்டம்பரில் துணைப் பிரதமர் மீதிருந்த 47 குற்றச்சாட்டுகளிலிருந்து, அரசுத் தரப்பே கேட்டுக்கொண்டு, விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு, அதாவது மறுபடி வழக்குத் தொடர இடமுள்ள விடுவிப்பு, கிடைத்தது. அந்த இரண்டு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் அடுத்த கூட்டத்தில் சம்பளத்தோடு அதையும் தீர்மானமாகப் போட முடியுமா ஐயா?